குனிந்தே இருக்கவும்

கைண்ட்வாட்டர் காப்பீட்டு நிறுவனம் வலியை நம்புவதில்லை. வலி என்பது நோயாளி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதற்குச் சாட்சி கிடையாது. தூரத்துக்கு உண்டு. ஆகவே காலில் வலி என்று யாராவது வந்தால், எப்படி வலிக்கிறது என்று அவர் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று காட்டினால் போதும். நிறுவனம் இதைக் கருணை என்று அழைத்தது.

லொரெய்ன் நகரத்து எல்மர் பாக்கோஷுக்கு இந்தக் கருணை பற்றித் தெரியாது. இரும்பாலை மூடப்படும்வரை அதில் கிரேன் ஓட்டியவர் அவர். வயது எழுபதைத் தாண்டிச் சில காலம் ஆகிறது. இப்போது வீட்டு வாசலிலிருந்து சாலையோரத் தபால்பெட்டிவரைகூட அவரால் ஒரே மூச்சில் போக முடிவதில்லை. பாதி வழியில் பிட்டத்தில் ஆரம்பிக்கும். தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்காலில் எரிந்து, பாதத்துக்கு வந்ததும் மரத்துப்போகும். அப்புறம் அந்தப் பாதம் அவருடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று சொல்ல முடியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். தெருவில் போகிறவர்கள் நின்று, "என்னத்த தொலைச்சீங்க எல்மர்?" என்று கேட்டுவிட்டு அவர்களும் புல்லில் தேடத் தொடங்குவார்கள்.

ஒரு விநோதம் மட்டும் இருந்தது. பலசரக்குக் கடைக்குள் நுழைந்து தள்ளுவண்டியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிவிட்டால் அவருக்குக் கால் வந்துவிடும். ரொட்டி, பால், நாய்த் தீனி என்று எல்லா வரிசையிலும் போய் வருவார். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.

"வீட்ல குப்பையை வெளிய வைன்னா கால் இல்ல," என்பாள் அவர் மனைவி இர்மா. "கடைக்குள்ள விட்டா ஐஸ்கிரீம் பக்கம் ஓட்டப் பந்தயம். நடிகனா போயிருக்கலாம் நீ. ஆலையில போய் வீணாப் போன."

டாக்டர் யூசுஃப் அதற்குக் காரணம் சொன்னாள். இளம்பெண். கணினியில் எல்மரின் கீழ்முதுகு எலும்புகளைக் காட்டினாள்.

"நரம்பு போற வழி இங்க சுருங்கிருச்சு. வயசாக ஆக எலும்பு தடிக்கும், தசைநார் தடிக்கும், நடுவுல நரம்பு மாட்டிக்கும். நீங்க நிமிர்ந்தா இன்னும் நெருக்கும். குனிஞ்சா கொஞ்சம் இடம் விடும். வண்டியைப் பிடிச்சா குனியறீங்க இல்ல, அதான்."

"அப்ப நான் நடிக்கல?"

"இல்ல."

"இதை எழுதித் தர முடியுமா? வீட்ல காட்டணும்."

மாத்திரை, ஊசி, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று என்பதால், தடித்ததைச் செதுக்கி நரம்புக்கு வழிவிடும் ஓர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றாள். பெரும்பாலானவர்களுக்கு நடை திரும்புமாம். கைண்ட்வாட்டர் சம்மதம் தர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

சம்மதம் தபாலில் வரும் என்றார்கள். பிப்ரவரி மாதம். எல்மரால் போக முடியாததால் தினமும் இர்மா தபால்பெட்டிவரை போய்ப் பார்த்தாள். ஒரு நாள் காலை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அவள் கையில் இருந்தது கைண்ட்வாட்டரின் வண்ண அட்டை: 'விழாமல் இருப்பது எப்படி.'

எலும்பைச் சேர்த்து, அவளை மறுவாழ்வு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். ஏரிக்கரையில் இருந்த அந்த இல்லமும் கைண்ட்வாட்டருடையதுதான். மார்ச் முடிவுக்குள் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள நடமாடக்கூடிய ஓர் ஆள் இருப்பதாக உறுதியானால் வீடு. இல்லாவிட்டால் மான்ஸ்ஃபீல்டில் இருக்கும் நிரந்தரப் பராமரிப்பு இல்லம். அங்கிருந்து யாரும் திரும்பி வந்ததாக எல்மர் கேள்விப்பட்டதில்லை.

"மான்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பினா நான் போகமாட்டேன்," என்றாள் இர்மா. "இவங்க கொடுக்கற சூப்பைக் குடிச்சு இங்கயே செத்துடுவேன். அதுக்குத்தான் அதைச் செய்யறாங்கன்னு நினைக்கிறேன்."

"நான் காலைச் சரி பண்ணிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"சீக்கிரம் பண்ணு. வர்றப்ப உப்பு கொண்டா."

*

சம்மதத்துக்கு முன் எல்மர் நடந்து காட்ட வேண்டியிருந்த, கைண்ட்வாட்டரின் நடை மதிப்பீட்டு மையம், மூடிப்போன ஒரு பேரங்காடியின் கடைசிக் கோடியில் இருந்தது. கார் நிறுத்தும் இடம் முதல் கோடியில். மையத்தின் வாசலை ஒட்டியும் சில இடங்கள் உண்டு. அவை நடக்க முடியாதவர்களுக்கானவை. நடக்க முடியாதவர் என்ற சான்றிதழை மையம்தான், உள்ளே வந்து வாங்கிக்கொள்பவர்களுக்கு, வழங்கியது.

பாதியில் நின்று திரும்பிவிடுகிறவர்கள் 'வரவில்லை' என்று பதிவானார்கள். வராதவர்களுக்குச் சிகிச்சையில் ஆர்வம் இல்லை என்று நிறுவனம் புரிந்துகொண்டது. வந்து சேர்கிறவர்கள் நடந்து வந்தவர்கள். இந்த முறையில் இதுவரை ஒரு தவறுகூட நேர்ந்ததில்லை என்று வாசலில் எழுதியிருந்தது.

எல்மர் காரிலிருந்து இறங்கிப் பார்த்தார். மையம் அடிவானத்தில் இருந்தது. அருகில், பேரங்காடி உயிரோடு இருந்த காலத்துத் தள்ளுவண்டி ஒன்று துருப்பிடித்து நின்றது. அவர் அதை அன்போடு பார்த்தார்.

மையத்துக்குள் அவர் வண்டியோடு நுழைந்தபோது ட்ரெவர் லிண்ட்குவிஸ்ட் எழுந்து நின்றார். நடைச் சான்றாளர். மேலே கோட்டு, கழுத்துப்பட்டை. கீழே ஓட்டக் காலணி.

"வந்துட்டீங்க," என்றார், குரலில் லேசான ஏமாற்றத்தோடு. "வண்டி எதுக்கு சார்?"

"இது இல்லாம நடக்க முடியாதுங்க."

"அப்ப இது உங்க வழக்கமான துணைக்கருவி. விதியில அனுமதி உண்டு. இந்த நடைபாதையில போயிட்டு வாங்க. ரெடின்னு சொன்னதும் ஆரம்பிங்க. இது சோதனை."

அந்தக் கடைசி வார்த்தைதான் எல்மரைக் கெடுத்தது. ஆலையில் ஆண்டுதோறும் கிரேன் ஓட்டுநர்களுக்குச் சோதனை வைப்பார்கள். தொங்கும் கொக்கியால் தரையிலிருக்கும் முட்டையை உடைக்காமல் தொட வேண்டும். எல்மர் முட்டையை உடைத்ததே இல்லை. சோதனை என்று ஒருவர் சொன்னால் நன்றாகச் செய்வது என்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது. நோயாளிகளுக்கு இருக்கவே கூடாத பழக்கம்.

அவர் முழங்கைகளை ஊன்றினார். வண்டி கிறீச்சிட்டது. போனார், திரும்பினார், மறுபடி போனார். நேரம் முடிந்த பிறகும் ஒரு முறை போய் வந்தார்.

"பிரமாதம்," என்றார் ட்ரெவர். "இந்த மையத்துல இவ்வளவு நல்லா யாரும் நடந்ததில்ல. வேலைக்கு வர்றவங்களையும் சேர்த்துச் சொல்றேன்."

"ஆனா வண்டியை விட்டா நிக்கவே முடியாதுங்க. நிமிர்ந்தா வலி. குனிஞ்சா வலி இல்ல."

ட்ரெவர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"அப்ப குனிஞ்சிருங்க சார்."

எல்மர் சிரித்தார், எதிராளி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நோயாளி சிறப்பாக நடப்பதால் அறுவை சிகிச்சை தேவையில்லை. பரிந்துரைக்கப்படும் சிகிச்சை: குனிந்தே இருக்கவும்.

டாக்டர் யூசுஃப் கைண்ட்வாட்டரின் டாக்டரோடு தொலைபேசியில் வாதாடிப் பார்த்தாள். அவர் ஓய்வு பெற்ற தோல் மருத்துவர். முதுகுத்தண்டைத் தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு விஷயமாகவே அவர் கருதினார். எல்மரின் தோல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதும், "பார்த்தீங்களா," என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் எல்மர் வீட்டு வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு தள்ளுவண்டி. கைண்ட்வாட்டரே வடிவமைத்தது. சாம்பல் நிறம், நாலு சக்கரம், ஒரு கைப்பிடி. கூடை இல்லை. எல்மர் நிறுவனத்தை அழைத்துக் கேட்டார்.

"கூடை மருத்துவத் தேவை இல்ல சார்," என்றார் ட்ரெவர். "சாமான் வாங்கறது உங்க சொந்த விஷயம்."

"இதை வெளிய தள்ளிட்டுப் போலாமா?"

"கூடாது. வீட்டுக்குள்ள, சமதளத்துல மட்டும். மேடு பள்ளம்னா உத்தரவாதம் போயிடும்."

"எனக்கு நடக்கணும்னு இருக்கறதே வெளியதான்."

"வெளிய போற ஆசை வயசானவங்களுக்கு வர்றதுதான் சார். அதுக்கு மனநலப் பிரிவு தனியா இருக்கு. மாத்தி விடட்டுமா?"

*

கால் சரியாகாவிட்டாலும், நன்றாக நடக்கிறவர் என்று நிறுவனமே சொல்லிவிட்டதல்லவா. எல்மர் அதில் ஒரு வெளிச்சத்தைக் கண்டார். நன்றாக நடக்கிறவர் மனைவியைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் தலை வாரிக்கொண்டு மறுவாழ்வு இல்லத்துக்குப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவள் பெயர் ஜோலீன். எல்லோரிடமும் குழந்தைகளிடம் பேசுவது போலப் பேசுவாள். குழந்தைகளிடம் எப்படிப் பேசுவாளோ தெரியாது. எல்மரைப் பயிற்சிச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓர் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு முட்டை.

"இர்மா அம்மாவுக்கு ஒரு முட்டை பொரிச்சுக் காட்டுங்க பார்ப்போம். நேரா நின்னு. எதையும் பிடிக்காம."

எல்மர் அடுப்பின் விளிம்பில் கை வைத்தார்.

"அடுப்பைப் பிடிக்கக் கூடாது சார். சுட்டுடும்."

மேசையில் சாய்ந்தார்.

"மேசை எங்களோடது. உங்க வீட்ல இந்த மேசை இருக்காதில்ல?"

எல்மர் நிமிர்ந்தார். வெண்ணெய் உருகியது. பிட்டத்தில் ஆரம்பித்தது. முட்டையை உடைத்து ஊற்றினார். கெண்டைக்கால் எரிந்தது. முட்டையின் ஓரம் வெளுத்து உறைந்துகொண்டிருந்தபோது பாதங்கள் காணாமல் போயின. அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலே முட்டை கருகும் வாசனை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சோதனையில் முட்டையைக் கெடுத்திருந்தார்.

"நீங்க நடமாட முடியாதவர் சார்," என்றாள் ஜோலீன், அடுப்பை அணைத்தபடி. "வருத்தமா இருக்கு."

எல்மர் தரையில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து முந்தைய பதிலை எடுத்துக் காட்டினார். "இதுல நான் பிரமாதமா நடக்கிறேன்னு போட்டிருக்கு. உங்க கம்பெனிதான்."

அவள் படித்தாள். முகம் மாறவில்லை.

"இது அறுவை சிகிச்சைப் பிரிவு. அங்க நீங்க நடப்பீங்க. இங்க நடக்க மாட்டீங்க."

"நான் ஒரே ஆளுதானேம்மா?"

"எங்க கணினியில ரெண்டு பேர் சார்."

"அந்த ரெண்டு பேரையும் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லக் கூடாதா?"

"அது நோயாளிகளோட அந்தரங்கம் சார். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. சட்டம்."

இர்மா கூடத்தில் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தோத்துட்டியா?"

"முட்டை கருகிடுச்சு."

அவள் ஏரிப் பக்கம் திரும்பினாள். கரையோரம் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.

"மான்ஸ்ஃபீல்டுல எல்லாம் என்ன செய்வாங்க?"

"சீட்டு விளையாடுவாங்களாம்."

"யாரோட?"

அவள் அவர் கையைப் பிடித்து, விரல் நகத்தில் ஒட்டியிருந்த முட்டையைச் சுரண்டி எடுத்தாள்.

*

இதற்கிடையில் கைண்ட்வாட்டரின் தலைமையகத்தில் எல்மர் புகழ் பெற்றிருந்தார். அறுவை சிகிச்சை கேட்டு வந்த ஒரு கிழவரை நாலு சக்கரத்தில் திருப்தி செய்து அனுப்ப முடிந்தது என்ற செய்தி மேல்மாடிகளுக்கு ஏறியது. மேல்மாடி யோசித்தது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்ட முதியவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். சக்கரமும் நாடு முழுவதும் கிடைக்கிறது. அதற்கு 'முன்னோக்கிச் சாய்வோம்' திட்டம் என்று பெயர் வைத்து, துணைத்தலைவர் வெண்டல் ப்ரைஸ் நேரில் தொடங்கிவைப்பதாக அறிவித்தார்கள். இடம்: ஏரிக்கரை மறுவாழ்வு இல்லத்தின் கூடம். பார்வையாளர்கள்: எழுந்து போக முடியாதவர்கள்.

விழா மார்ச் கடைசி நாளன்று. மறுநாள் காலை மான்ஸ்ஃபீல்டு வண்டி வருவதாக இருந்தது. எல்மர் வந்து நின்றால் நல்லது என்று ட்ரெவர் சொன்னார். வந்தால் இர்மாவைப் பற்றித் துணைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றார் எல்மர். நேரம் இருந்தால் கேட்கலாம் என்றார் ட்ரெவர்.

இர்மாவைச் சக்கர நாற்காலியோடு முதல் வரிசையில், நடுவில் நிறுத்தியிருந்தார்கள். உதட்டுச்சாயம் போட்டிருந்தாள்.

"யாருக்கு இந்த அலங்காரம்?" என்றார் எல்மர்.

"மான்ஸ்ஃபீல்டு சீட்டாட்டக்காரனுக்கு. போ, போய் நில்லு. உன் முதலாளி கூப்பிடறான்."

எல்மர் தள்ளுவண்டியோடு முன்னால் வந்ததும் ட்ரெவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். திரை விலக்கிக் காட்டவிருப்பது அதைத்தான் என்பதால், அது நீலத் துணியால் மூடப்பட்டுத் துணைத்தலைவரின் வலப்பக்கம் நிறுத்தப்பட்டது. எல்மர் இடப்பக்கம் நிறுத்தப்பட்டார். அவரை மூடவில்லை.

"நிமிர்ந்து நில்லுங்க சார்," என்றார் புகைப்படக்காரர். "முகம் தெரியல."

வெண்டல் ப்ரைஸ் உயரமானவர். நேரான முதுகு. ஒலிவாங்கியை அதற்குத் தகுந்தபடி உயர்த்திக்கொண்டார்.

"நண்பர்களே, மனுஷனோட முதுகு வயசானா வளையும். இது இயற்கை. இத்தனை காலமா மருத்துவ உலகம் இயற்கையோட சண்டை போட்டுது. அந்தச் சண்டைக்குச் செலவு யாரு கொடுத்தா? நாங்க. ஒரு நாள் எங்களுக்குத் தோணிச்சு. நாம ஏன் இயற்கையோட பக்கம் சேரக் கூடாது?"

கைதட்டல். முதல் வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். எல்மருக்குப் பிட்டத்தில் ஆரம்பித்தது.

"எல்மர் எங்ககிட்ட வலின்னு வந்தாரு. வேற கம்பெனியா இருந்தா என்ன செய்வாங்க? வலியைக் கேட்பாங்க. கேட்டா என்ன ஆகும்? இன்னொருத்தர் வருவாரு, அவரும் சொல்வாரு. கேட்கக் கேட்க வலி அதிகமாகும் நண்பர்களே. எங்க ஆய்வு சொல்லுது, நாங்க கேட்கறதை நிறுத்தின வருஷத்துல எங்க உறுப்பினர்கள் வலின்னு சொன்னது பாதியா குறைஞ்சிருக்கு."

தொடை எரிந்தது.

"சில பேர் கேட்கறாங்க, நீங்க மறுக்கறீங்களேன்னு. நாங்க மறுக்கறதே இல்ல. நாங்க காத்திருக்கோம். வயசானவங்க விஷயத்துல காத்திருக்கறது எவ்வளவு பயனுள்ள சிகிச்சைன்னு உங்களுக்குத் தெரியாது. நிறைய பேர் அதுக்கப்புறம் எங்ககிட்ட எதுவுமே கேட்கறதில்ல."

கெண்டைக்கால். எல்மர் துணைத்தலைவரின் சட்டைக் கையை மெல்லத் தொட்டார். "சார், என் மனைவி விஷயமா..."

"நன்றி எல்மர்," என்றார் வெண்டல் ப்ரைஸ், திரும்பாமல். "அவர் உணர்ச்சிவசப்படறாரு."

பாதங்கள் போயின. எல்மர் எதையாவது பிடிக்கத் தேடினார். தள்ளுவண்டி துணிக்குள் தூரத்தில் இருந்தது. துணைத்தலைவரின் முதுகு அருகில் இருந்தது, ஆனால் அதில் சாய்வதற்கு இடமில்லை. அவர் முன்னால் தடுமாறி இரண்டு அடி வைத்து, முதல் வரிசையில் இடித்து, இர்மாவைச் சுற்றி விழப்போகிறவர்போலப் போய், அவளுடைய நாற்காலியின் பின்பக்கக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார். முழங்கைகள் தாமாக ஊன்றிக்கொண்டன. முதுகு வளைந்தது.

வலி, யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல, வடிய ஆரம்பித்தது.

இர்மா தலையைத் திருப்பாமல் கேட்டாள்: "விழுந்துட்டியா?"

"இல்ல." அவர் மூச்சு வாங்கினார். பாதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "இர்மா, இது அதே உயரம்."

"எது?"

"கடை வண்டியோட உயரம்."

அவள் குனிந்து சக்கரத்தின் தடையை விடுவித்தாள்.

"வாசல் அந்தப் பக்கம்," என்றாள்.

எல்மர் தள்ளினார். நாற்காலி நகர்ந்தது. கடையில் ஐஸ்கிரீம் வரிசையைச் சுற்றும் அதே வளைவில் கூடத்தைச் சுற்றித் திரும்பினார். விழாவின் பகுதி இது என்று எல்லோரும் நினைத்தார்கள். வெண்டல் ப்ரைஸும் நினைத்தார்.

"பாருங்க நண்பர்களே! சாய்ஞ்சுட்டாரு! முன்னோக்கி!"

கைதட்டல் பலமாக எழுந்தது. தூங்கியவரும் விழித்துத் தட்டினார். புகைப்படக்காரர் பின்னாலேயே ஓடினார். தானியங்கிக் கதவு, ஆள் யாரென்று கேட்காமல் திறந்தது. ஜோலீன் மட்டும்தான் கார் நிறுத்துமிடம்வரை வந்தாள்.

"சார், நில்லுங்க. அவங்களை இன்னும் வெளிய அனுப்பல. நீங்க நடமாட முடியாதவர்."

"அப்ப நீ ஏன் மூச்சிரைக்க ஓடி வர்ற?" என்றாள் இர்மா. "நான் எங்கயும் போகலடி கண்ணு. இவருக்கு உங்க கம்பெனி நடக்கச் சொல்லியிருக்கு. நடக்கிறாரு. நான் சும்மா உக்காந்திருக்கேன். எல்மர், காரை எங்க விட்ட?"

*

அன்று மாலை வீட்டில் அவர் முட்டை பொரித்தார். நாற்காலியில் இருந்த இர்மாவின் தலைக்கு மேலாகக் குனிந்து, இரண்டு முழங்கையையும் அதன் முதுகில் ஊன்றிக்கொண்டு. முட்டை கருகவில்லை. இர்மாவின் முடியில்தான் கொஞ்சம் வெண்ணெய் தெறித்தது.

நாலைந்து நாள் கழித்து ட்ரெவர் அழைத்தார். எல்மர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"வாழ்த்துகள் சார். விழா வீடியோவை எங்க குழு முழுசா பார்த்தது. ஒரு முழு மனுஷியை வச்சுத் தள்ளிட்டு, கார்வரைக்கும் நிக்காம போயிருக்கீங்க. அதனால அறுவை சிகிச்சைக்காக உங்க டாக்டர் அனுப்பின மறுமுறையீடு தள்ளுபடி ஆகுது."

"எதிர்பார்த்தேன்."

"அப்புறம், அந்தத் தள்ளுவண்டியை நீங்க விழாவுல விட்டுட்டுப் போயிட்டீங்க. அது எங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு உறுப்பினருக்கு ஒரு துணைக்கருவிதான். உங்களுக்கு வேற ஒண்ணு இருக்கறதா பதிவாகியிருக்கு."

"எது?"

தாள் புரளும் சத்தம். "மனைவி. நாற்காலியோட சேர்த்து."

எல்மர் இர்மாவைப் பார்த்தார். இர்மா கூரையைப் பார்த்தாள்.

"அதனால நல்ல செய்தி," என்றார் ட்ரெவர். "மான்ஸ்ஃபீல்டு ரத்து. துணைக்கருவியை உறுப்பினர்கிட்ட இருந்து பிரிக்க விதியில இடமில்ல."

"சரி," என்றார் எல்மர் மெதுவாக. "அவளுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒருத்தரை அனுப்பறதா டாக்டர் எழுதியிருந்தாங்களே? இடுப்பு சேர்ந்துடுச்சு. ஆரம்பிக்கணும்னாங்க."

"அது மறுக்கப்பட்டிருக்கு சார்."

"ஏன்?"

"யோசிச்சுப் பாருங்க. அவங்க நடந்துட்டாங்கன்னா உங்க துணைக்கருவி எழுந்து போயிடும். ஒரு உறுப்பினருக்குச் செய்யற சிகிச்சை இன்னொரு உறுப்பினரைப் பாதிக்கக் கூடாது. உங்களுக்காகத்தான்."

இர்மா தொலைபேசியை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, நான் இர்மா. கருவி பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

"என்னை எப்ப திருப்பிக் கொடுக்கணும்?"

"பழுதானா மட்டும் மேடம்."

"சரிப்பா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் வெயிலில் வீட்டுப் பாதை காய்ந்திருந்தது. மறுநாள் காலை எல்மர் அவளைத் தள்ளிக்கொண்டு தபால்பெட்டிவரை போனார். நடுவில் நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் புல்லில் எதையும் தேடவில்லை.

பெட்டிக்குள் கைண்ட்வாட்டரின் புதிய வண்ண அட்டை இருந்தது. 'முன்னோக்கிச் சாய்வோம்.' அட்டையில் எல்மர் கைப்பிடிகளில் சாய்ந்து, வாயைத் திறந்து நடந்துகொண்டிருந்தார். கைப்பிடிகளுக்குக் கீழே எதுவும் இல்லை. நாற்காலியையும் அதில் இருந்தவளையும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் இர்மாவின் காது மட்டும் தவறிப்போய் மீந்திருந்தது.

இர்மா அதைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள்.

"உதட்டுச்சாயம் போட்டது வீணாப் போச்சு," என்றாள்.

அட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தின் தடையைப் போட்டாள். தபால்பெட்டியின் கம்பத்தை ஒரு கையால் பிடித்தாள். மறுகையால் எல்மரின் தோளைப் பிடித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அட்டை கீழே விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. கம்பத்திலிருந்து நாற்காலியின் முதுகுக்கு ஒவ்வொரு கையாக மாற்றிப் பிடித்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சேர அவளுக்கு வெகுநேரம் ஆனது. கைப்பிடிகள் அவள் கைக்கு வந்தன.

எல்மர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இதையெல்லாம் பார்த்தார்.

"என்ன பண்றே இர்மா? விழுந்துடப் போறே."

"வீடுவரைக்கும்தானே," என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "உக்காரு. இப்ப நீ கருவி."